நடுவில் நின்ற வாய்

லெவுகாவில் மாதா கோயில் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும். முதல் தடவை காதில் வாங்காதவர்களுக்காக ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. அன்று அது இரண்டாம் தடவையாக ஒரு மணி அடித்து ஓய்ந்தபோது, ரொட்டிக் கடை மாடிப்படியில் சகியூசா கையில் குடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"அத்தை மகளே, கதவைத் திற! மழை வரும், குடை எடுத்துட்டுப் போன்னு எங்கக்கா சொன்னா. உனக்கும் சேர்த்துதானாம். நனைஞ்சா நீ சுருங்கிடுவே, அப்புறம் எந்தத் துணிக்கடையிலயும் அளவு கிடைக்காதாம்."

மேரெவலேசி, ஊருக்கு வலேசி, நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதி ஆயுளைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகக் கழித்துவிட்டு, இப்போது ஒரு மேஜையையும் தட்டச்சு இயந்திரத்தையும் போட்டுக்கொண்டு ஊரார் சிக்கல்களைத் துலக்கித் தருபவள். சகியூசா அவளுடைய தாய்மாமன் மகன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். வேலையில்லாத நாளெல்லாம் அவளுக்கு உதவியாள். அத்தை மகளும் மாமன் மகனும் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம் என்பது ஃபிஜித் தீவுகளின் முறை. அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"குடையை மூலையில வை மச்சான், உன் வாயையும் அங்கேயே வை. மூணு மணிக்கு எபராமா வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். விரிசல் விட்ட படகை நல்லதுன்னு சொல்லி அனுப்பின குத்தத்தை எபராமா ஒத்துக்கறானாம். நான் அதை இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கணும். கையெழுத்துப் போட்டதும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"போன மாசம் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணினானே?"

"இப்ப ஆமாங்கறான். தங்கச்சியே வந்து சொல்றாளாம்."

சகியூசா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். எஞ்சின் வெடித்தாலும் அசையாதவன். பேய் என்றால் மட்டும் அவனுக்குக் குலை நடுங்கும். "தரைவோசாவா? அவதான் செத்துட்டாளே!"

"அதனாலதான் இன்ஸ்பெக்டருக்கு என் உதவி தேவைப்படுது."

தரைவோசா நர்ஸ். கல்யாணம் ஆகாதவள், அண்ணன் எபராமாவின் வீட்டில் இருந்தாள். போன மாதம் ஒரு நாள் அவனுடைய ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு எதிரேயுள்ள சின்னத் தீவுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பும் வழியில் படகு அடியோடு பிளந்தது. படகில் பாதி கரை ஒதுங்கியது. தரைவோசா ஒதுங்கவில்லை. புதைக்க உடம்பில்லாமல் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, ஊர் அழுது தீர்த்தது.

வலேசி இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தாள். போலீஸ்காரர் ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலங்கள்.

"இது எபராமா முன்னே சொன்னது. படகு அடியில விரிசல், எடுக்காதேன்னு தங்கச்சிகிட்ட சொன்னதாகவும், தான் எங்கேயும் போகல, அன்னிக்குத் துணி துவைக்கிற வேலை இருக்குன்னு அவ சொன்னதாகவும். இது துறைமுகத்துல பெட்ரோல் விக்கிற அப்பலநாயுடு சொன்னது. படகு நல்லா இருக்குன்னு அண்ணன் சொன்னதா அவ சொன்னதாக."

"சொன்னதா சொன்னதாக! தலை சுத்துது. பள்ளிக்கூடத்துல என்னை ஃபெயில் ஆக்கினதே இதுதான். 'நான்'னு ஒருத்தன் சொன்னா 'அவன்'னு எழுதணும். 'இன்னிக்கு'ன்னா 'அன்னிக்கு'. 'இருக்கு'ன்னா 'இருந்தது'. துள்ளற மீனைத் தலையை வெட்டி டின்ல அடைக்கிற வேலை."

"டின்ல அடைச்சாத்தான் கோர்ட்டு போய்ச் சேர்ற வரைக்கும் கெடாது. ஆனா தலை போனப்புறம் அது எந்த மீன்னு சொல்ல முடியாது." வலேசி முதல் காகிதத்தைத் தட்டினாள். "'சொன்னதாக'ன்னு எழுதியிருக்கு. எபராமா நம்ம பாஷையில என்ன சொல்லியிருப்பான்? 'சொன்னேன்'னானா, 'தடுத்தேன்'னானா, 'கெஞ்சினேன்'னானா? எல்லாம் ஒரே 'சொன்னதாக'ல அடங்கிப் போச்சு. செத்தவளோட வார்த்தை ஒண்ணுகூட இதுல உயிரோட இல்ல. எழுந்திரு, துறைமுகத்துக்குப் போகலாம்."

மலைமேல் இருந்து மூடுபனி இறங்கி, கடற்கரைத் தெருவின் பழைய மரக் கடைகளைப் பாதி விழுங்கியிருந்தது. அப்பலநாயுடு பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே ரொட்டியைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தார். தரைவோசா பெயரைக் கேட்டதும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேனே அம்மா. படகு நல்லா இருந்ததா அவங்க அண்ணன் சொன்னதா..."

"அப்படி வேண்டாம் நாயுடு. அவ வாயில என்ன வந்துதோ, அதை அப்படியே சொல்லுங்க. நீங்கதான் தரைவோசான்னு வெச்சுக்கங்க."

நாயுடு கூச்சத்தோடு தோளைக் குலுக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கரகரத்த தொண்டையிலிருந்து ஒரு பெண்ணின் அவசரம் வெளியே வந்தது.

"'ஊத்துங்க நாயுடு, சீக்கிரம்!' அப்படின்னா. நான் கேட்டேன், 'படகைக் குப்புறப் போட்டு வெச்சிருந்தாங்களே, சரி பண்ணியாச்சா?'ன்னு. 'அதெல்லாம் நல்லா இருக்குன்னு அண்ணன் சொல்லிட்டார், ஊத்துங்க. அங்க ஒருத்தி ரத்தமாப் போயிட்டிருக்கா.' முகத்தைப் பார்த்து மறுக்க முடியல."

சகியூசா தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி அவள் இதோ இந்தப் பனிக்குள்ளிருந்து கையில் எண்ணெய் டப்பாவோடு நடந்து வருவாள் போலிருந்தது.

"அப்புறம்?" என்றாள் வலேசி.

"அப்புறம் ஒண்ணும் பேசல. காலி பிஸ்கட் டின் ரெண்டு கேட்டா, குடுத்தேன். ஒரு துணி சோப்புக் கட்டி வாங்கிக்கிட்டா. போயிட்டா."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவ என்ன சொன்னான்னுதானே கேட்டாங்க? என்ன வாங்கினான்னு யாரும் கேக்கலையே."

வலேசி சகியூசாவைப் பார்த்தாள். படகோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"விரிசல்ல திணிக்கத்தான் சோப்பு. தண்ணி இறைச்சுக் கொட்ட டின்னு. நல்ல படகுன்னு நினைச்சவ ஒரு டின்னுகூடக் கேக்க மாட்டா." அவன் குரல் இறங்கிவிட்டது. "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் போயிருக்கா. நாயுடுகிட்ட பெட்ரோலுக்காகப் பொய் சொல்லியிருக்கா."

நாயுடு பீப்பாயின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன ஒரு வரியை வைத்துத்தான் போலீஸ் எபராமாவைப் பொய்யன் என்று முடிவு கட்டியிருந்தது.

"அப்ப முடிஞ்சுது. எபராமா எச்சரிச்சது நிஜம். வா, இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போய் மீன் சாப்பிடலாம்," என்றான் சகியூசா.

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சகியூசா வெற்றிப் புன்னகையோடு குடையை விரித்தான். "பாத்தியா? எங்கக்கா சொன்னா சொன்னதுதான்."

வலேசி மழையில் அப்படியே நின்றாள்.

"யார் சொன்னா?"

"அக்கா."

"நீ உங்கக்காகிட்ட நேராப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு?"

"இதென்ன கேள்வி? மீசை முளைச்சதிலிருந்து பேசினதில்ல. நம்ம முறையில கூடப்பிறந்தவகிட்ட எவன் நேராப் பேசுவான்? வெக்கங்கெட்ட பேச்சா இருக்கே."

"அப்ப இன்னிக்குக் குடை விஷயம் யார் குரல்ல உன் காதுல விழுந்தது?"

"என் பொண்டாட்டி குரல்ல. அக்கா அவகிட்ட சொல்லி, அவ என்கிட்ட..." சகியூசா நிறுத்தினான். குடை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் முழுவதும் அவன் தோளில் கொட்டியது.

"நாம எல்லாரும் இதைத்தான் பண்றோம் மச்சான். 'அக்கா சொன்னா', 'அண்ணன் சொன்னான்'. நடுவுல நிக்கிற வாயை யாரும் கணக்குலயே சேர்க்கறதில்ல. எபராமாவும் சேர்க்கல, எழுதின கான்ஸ்டபிளும் நம்ம ஊர்க்காரன், அவனும் சேர்க்கல. இத்தனை வருஷம் கோர்ட்டுல நின்ன நானும் இந்தக் காகிதத்தைப் பத்துத் தடவை படிச்சுட்டேன்." அவள் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள். "எபராமா சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அவ சொன்ன பதில் அவனுக்குப் போய்ச் சேர்ந்துதா?"

எபராமாவின் வீடு மலைச் சரிவில், ஏறிப் போகும் கல்படிகளின் கடைசியில் இருந்தது. துக்க வீடாதலால் வலேசி வழியில் முறைப்படி வைக்க, கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் அதைப் பாயில் வைத்து, தலை குனிந்து, சொல்ல வேண்டிய துக்க வார்த்தைகளைச் சொன்னாள். எபராமா அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டான். ஆனால் கண்கள் சுவரிலேயே இருந்தன. ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

சகியூசா உட்கார இடம் தேடி, பின்வாசலையொட்டி விரித்திருந்த பாய்க்குப் போனான்.

"அங்க வேண்டாம்," என்றாள் எபராமாவின் மனைவி லோசலினி, மெதுவாக.

அவன் தணலை மிதித்தவன் மாதிரி காலை எடுத்தான். பாயின் நடுவே ஒருவர் வழக்கமாக உட்கார்ந்து பழுப்பேறிய தடம் இருந்தது. சாயங்காலங்களில் தரைவோசா அங்கே அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாய் முடைவாளாம். ஒரு மாதமாக அதை யாரும் சுருட்டவில்லை.

"கேக்குதா?" என்றான் எபராமா.

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ இருப்பது போல சகியூசாவுக்கும் தோன்றியது. தோன்றவே இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"என்ன சொல்றா?" வலேசி கேட்டாள்.

"'படகு நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே, அண்ணா'ங்கறா. தினமும் இதான். எனக்கு அன்னிக்கு டெங்குக் காய்ச்சல். கொதிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எடுக்காதேன்னு சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா அவ சொல்றாளே! காய்ச்சல்ல நான் மாத்திச் சொல்லியிருப்பேன். எழுதுங்க. கையெழுத்துப் போட்டுடறேன். போட்டா அவ நிறுத்துவா."

"நேரா உன்கிட்டயே பேசறாளா? அண்ணான்னு கூப்பிட்டு?"

"ஆமா."

"அப்ப அது உன் தங்கச்சி இல்ல. பேயா வந்தாலும் தரைவோசா முறை தவற மாட்டா. அது உன் துக்கம் பேசறது, எபராமா. நாயுடு சொன்னதைப் போலீஸ்காரங்க வந்து உனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அதைத்தான் அவ குரல்ல கேட்டுக்கிட்டிருக்கே." வலேசி சோப்பையும் பிஸ்கட் டின்னையும் பற்றிச் சொன்னாள். "நீ எச்சரிச்சது அவளுக்குத் தெரியும். நீ பொய் சொல்லல."

எபராமா முதல் தடவையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். "தெரிஞ்சேவா போனா? ஆனா அவ போகலைன்னுதானே சொல்லி அனுப்பினா?"

"அதைத்தான் கேக்க வந்தேன். அன்னிக்கு நீ இந்தப் பாயில. அவ?"

"பின்னாடி அடுப்படியில."

"நடுவுல யாரு?"

காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான் எபராமா. "லோசலினிதான். வேற யாரு?"

லோசலினி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவனுக்காகச் செய்தது, அவன் தொடாதது.

"பதில் என்ன வந்தது? வார்த்தையை மாத்தாம சொல்லு," என்றாள் வலேசி.

"'நான் போகல. இன்னிக்குத் துணி துவைக்கணும்.'"

"இன்னிக்குன்னா? காகிதத்துல 'அன்னிக்கு'ன்னு எழுதிட்டாங்க, அதனால எந்தக் கிழமைன்னு ஒருத்தருக்கும் உறைக்கல. அது ஞாயிற்றுக்கிழமை, எபராமா."

சகியூசாவின் வாய் தன்னால் திறந்தது. "ஞாயிற்றுக்கிழமையா? பாட்டுக் குழுவுல முன்வரிசையில நின்னவ ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாளா? ஒரு கைக்குட்டை காயப்போட்டாலே பாதிரியார் படியேறி வந்துடுவார்! இந்த ஊர்ல எவளும் அப்படி ஒரு சாக்குச் சொல்ல மாட்டா. சனிக்கிழமை கோயிலுக்குப் போய் ஓய்வு எடுத்துட்டு ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற சபைக்காரங்க ஊர்ல பிறந்தவதான்..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. லோசலினி பிறந்தது அப்படிப்பட்ட ஊரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் கோயிலுக்கு மாறியவள். கிழமையை மாற்றிக்கொண்டாள், அவசரத்தில் நாக்குத்தான் பழைய கிழமைக்குப் போய்விட்டது.

கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவிப் பாயில் கவிழ்ந்தது. அவள் அதைத் துடைக்கக்கூடக் குனியவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "அது அவ வார்த்தை இல்ல. என் வார்த்தை."

எபராமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சகியூசாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு மாதமாக அந்தப் பின்வாசல் பாயைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். வீட்டைப் பிடித்து ஆட்டியதோ அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அவகிட்ட சொன்னேன். விரிசல் இருக்கு, எடுக்காதேன்னு. அவ கேட்டுட்டு, 'அங்க அந்தப் பொண்ணு செத்துடுவா அண்ணி, ஆஸ்பத்திரி படகு ஊர்ல இல்ல, நான் போறேன்'னா. 'ஆனா அண்ணன்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா காய்ச்சலோட எழுந்து, நானே ஓட்டறேன்னு வருவார்'னா. வேதப் புஸ்தகத்து மேல கையை வெச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா." லோசலினி ஒரு அடி முன்னால் வந்தாள். "சத்தியம் ஒரு சாக்கு. அவ வாங்காட்டியும் நான் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன். சொன்னா நீங்க போவீங்க. நிக்கக்கூடத் தெம்பில்லாம போவீங்க, செத்துடுவீங்க. அவளா நீங்களான்னு எனக்கு அந்த நிமிஷம் தோணிச்சு. நான் உங்களை வெச்சுக்கிட்டேன்."

"ஒரு மாசம்," என்றான் எபராமா. "ஒரு மாசம் நான் சுவரைப் பார்த்து உக்காந்திருந்தேன்."

"தினமும் வாயைத் திறப்பேன். வராது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நிக்கிறவ சொல்லை மாத்தக் கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா சொன்னாங்க. மாத்திட்டேன். எந்த முகத்தோட சொல்லுவேன்?"

கீழே ஊரில் கடிகாரம் மூன்று அடித்தது. கல்படியில் கறுப்புக் குடை ஒன்று ஏறி வருவது தெரிந்தது. இன்ஸ்பெக்டர்.

வலேசி வாக்குமூலம் எழுதக் கொண்டுவந்த வெள்ளைக் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். "ஒத்துக்க ஒண்ணும் இல்ல. நான் அவர்கிட்ட பேசிக்கறேன்." எழுந்தவள் நின்றாள். "லோசலினி, சத்தியம் வாங்கிட்டுப் பேசாம போயிட்டாளா? அவ அப்படிப் போறவ இல்லையே. அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் விட்டுட்டுப் போகலையா?"

லோசலினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. ஒரு மாதமாகப் போய்ச் சேராமல் அவளிடமே தங்கிவிட்ட வார்த்தைகள். தரைவோசாவின் அவசரமும் குறும்பும் அப்படியே அதில் இருந்தன.

"'அண்ணன் எழுந்ததும் சொல்லு, படகைத் திருடிட்டேன்னு. இருட்டறதுக்குள்ள திரும்பிடுவேன். திட்டணும்னா இந்த ஒரு தடவை உன் மூலமா வேண்டாம். என் முகத்தைப் பார்த்து நேராவே திட்டச் சொல்லு. நான் காதைக் குடுக்கறேன்.'"

பேயானாலும் நேராகப் பேசமாட்டாள் என்று சற்றுமுன் வலேசி அடித்துச் சொல்லியிருந்தாள். நேராகப் பேசச் சொல்லியிருந்ததோ தரைவோசாவேதான். அப்படியானால் இந்த ஒரு மாதமாக எபராமாவின் காதருகில் பேசியது? சகியூசா வலேசியைப் பார்த்தான். அவள் கை அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது.

எபராமா சுவரைப் பிடித்து எழுந்தான். தள்ளாடி நடந்து பின்வாசலுக்குப் போனான். அந்தப் பாய்க்கு முன்னால் வந்து, அது வரை வாழ்நாளில் பார்த்திராத கோணத்தில், அவள் முதுகு இருந்த பக்கம் விட்டு முகம் இருந்திருக்க வேண்டிய பக்கம் போய் நின்றான்.

"தரைவோசா," என்றான். பெயரைச் சொல்லவே அவனுக்கு நாக்கு கூசியது. "கிறுக்கி. எடுக்காதேன்னு சொன்னேன்ல? சோப்பு எத்தனை நேரம் தாங்கும்? உனக்கு அறிவிருக்கா? என்னை எழுப்பக் கூடாதா? எழுப்பியிருக்கலாமே, என் தங்கமே, எழுப்பியிருக்கலாமே..."

கடிகாரம் இரண்டாம் தடவையாக மூன்று அடிக்கத் தொடங்கியது. பழக்கத்தில் லோசலினி முகத்திலிருந்து கையை எடுத்து, அடுப்படிப் பக்கம் திரும்பி, கணவன் சொன்னதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.